அயலார் வகுத்த அளவுகோல்

மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய காலத்தில், ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் நம் முன்னோரின் தேகத்தைப் பரிசோதித்த பின்னரே கப்பலேற்றுவர். பால்மரம் வெட்டத் தகுமா, தகாதா என்பதே அங்கு எழுந்த கேள்வி. தேகத்தை அயலான் அளந்து மதிப்பிட்ட வரலாறு நமக்குப் புதிதன்று. ஆதலின் நாம் ஈண்டுக் கூறப்புகும் செய்தி, முதலில் விநோதமாய்த் தோன்றினும், நேயர்களுக்கு விளங்காமற் போகாது.

ஆணை விரும்பும் ஆண்கள், அதாவது இக்காலத்தில் தன்பாலீர்ப்புடையோர் என மரியாதையாய்ச் சொல்லப்படுவோர், உலகின் ஏளனத்துக்கு அஞ்சி வாழ்ந்தது யாவரும் அறிந்ததே. அவர்களுக்குள்ளும் ஓர் அளவுகோல் இருந்தமை பலர் அறியாதது. அமெரிக்க நகரங்களில் அவர்களுக்கென எழுந்த பத்திரிகைகள் பெரும்பாலும் இளமையையும், ஒடிசலான உடலையும், மழித்த மேனியையுமே அழகென்று கொண்டாடின. வயிறு பருத்தவனும் நரைத்தவனும் மார்பெல்லாம் ரோமமுடையவனும் ஊராரால் தள்ளப்பட்டதுமன்றித் தம்மவராலும் தள்ளப்பட்டனர்.

இத்தகையோர் 1980களில் சான்பிரான்சிஸ்கோ நகரில் ஒன்றுகூடித் தம்மைக் ‘கரடிகள்’ என அழைத்துக்கொண்டனர். ஏசப்பட்ட தேகத்தையே பெயராக்கிக் கொண்டது துணிவன்றோ! 1987இல் ரிச்சர்ட் பல்ஜர் என்பார் அப்பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். 1989இல் திறந்த லோன் ஸ்டார் என்னும் மதுச்சாலை அவர்கள் கூடுமிடமாயிற்று. அக்காலமோ எய்ட்ஸ் நோய் அந்நகரை வாட்டிய காலம். மெலிவு அந்நோயின் அடையாளமாய் இருந்தமையால், பருத்த மேனி உயிருள்ள மேனியாகக் கண்ணுக்கு இனித்தது என்று ஆராய்ந்தோர் சிலர் கூறுவர். நண்பர்களை ஒருவர்பின் ஒருவராய் அடக்கம் செய்துவிட்டு வந்தவர்கள், சதைப்பிடிப்புள்ள தோழனைக் கண்டு மகிழ்ந்ததில் வியப்பென்ன?

அவர்களுடைய குறையையும் சொல்லத்தான் வேண்டும். நாளடைவில் தாடி எவ்வளவு, தசை எவ்வளவு என்று அவர்களே மேல் கீழ் பார்க்கலாயினர். படங்களிலும் வெள்ளையர் மேனியே மிகுந்தது. சாதி ஒழிப்புப் பேசிக்கொண்டே உட்சாதி பார்க்கும் நம்மவரைக் கண்ட நமக்கு இது புதுமையா?

அதே 1987இல் நம் கோலாலம்பூரிலும் பிங்க் டிரையாங்கிள் என்னும் ஸ்தாபனம் தோன்றிற்று. எய்ட்ஸ் தடுப்பும் ஆலோசனையுமே அதன் பெரும்பணி. மேனியழகைப் பற்றி வாதிட இங்கு மேடையேது? 2008 முதல் நடந்துவந்த செக்சுவாலிட்டி மெர்டேகா விழாவையும் 2011 நவம்பரில் போலீசார் தடை செய்துவிட்டனர்.

சாலாக் செலாத்தானில் இரயிலேறிப் பிரிக்பீல்ட்ஸுக்கு வேலைக்குப் போகும் கறுத்துப் பருத்த நம் இளைஞன் ஒருவன் ஆணை விரும்புவானாயின், வீட்டார் பேசும் கலியாணத்துக்கு அஞ்சுவான், போலீசுக்கு அஞ்சுவான், இவற்றோடு கண்ணாடிக்கும் அஞ்சவேண்டியவனாகிறான். இக்கடைசி அச்சத்தை இயற்கை அவனுக்குத் தரவில்லை. மனிதர் வகுத்த அழகின் இலக்கணம் அது. சான்பிரான்சிஸ்கோவில் மனிதரே அதை மறுத்தும் காட்டினர்.

சட்டத்தின் கதை வேறு. 1860இல் வெள்ளையர் இந்தியாவுக்கென இயற்றிய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, நம்மவரைப் போலவே கப்பலேறி மலாயாவுக்கும் வந்தது. வயதுவந்தோர் இருவர் சம்மதித்துக் கூடுவது குற்றமன்று என இந்திய உச்சநீதிமன்றம் 2018 செப்டம்பர் 6இல் தீர்ப்பளித்தது. சிங்கப்பூர்ப் பாராளுமன்றம் தன் சட்டத்திலிருந்த பிரிவை 2022இல் நீக்க வாக்களித்தது. மலேசியச் சட்டத்திலோ 20 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் இன்றும் இருக்கின்றன.