டெட்ராய்ட் 1925: வழக்குச் செலவை யார் ஏற்றார்கள்?

அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கென்று ஒரு சந்தாத் திட்டம் உண்டு. மாதாமாதம் பணம் கட்டி வந்தால், தற்காப்புக்காகச் சுட நேர்ந்து வழக்கு வரும்போது வக்கீல் செலவைத் திட்டம் ஏற்கும். இது தேவைதானா, வீண் செலவா என்று அங்கே வாதம் நடக்கிறது. அந்த வாதத்தில் கறுப்பின மக்களின் அனுபவம் பேசப்படுவதே இல்லை. துப்பாக்கி வைத்திருந்தவருக்கு வழக்கு நிதி எதற்கு என்பதை அவர்கள் 1925-லேயே கண்டுவிட்டார்கள்.

ஓசியன் ஸ்வீட் ஒரு கறுப்பின மருத்துவர். டெட்ராய்ட் நகரில், வெள்ளையர் பகுதியான கார்லண்ட் தெருவில் 18,500 டாலருக்கு ஒரு வீடு வாங்கினார். அதே கோடைக்காலத்தில் இன்னொரு கறுப்பின மருத்துவரை வெள்ளையர் கும்பல் புது வீட்டிலிருந்து விரட்டியிருந்தது. அதனால் செப்டம்பர் 8 அன்று குடிபோகும்போதே ஸ்வீட் துப்பாக்கிகளையும் எடுத்துச் சென்றார். மறுநாள் இரவு கும்பல் திரண்டது. வீட்டின் மீது கற்கள் விழுந்தன. போலீஸ் தெருவில்தான் நின்றது. வீட்டுக்குள்ளிருந்து சுட்டதில் லியோன் பிரைனர் என்ற வெள்ளையர் இறந்தார். மருத்துவர், அவர் மனைவி கிளாடிஸ், தம்பிகள், நண்பர்கள் என வீட்டிலிருந்த 11 பேர் மீதும் கொலை வழக்கு.

கும்பல் என்று ஒன்று இருக்கவே இல்லை என்று போலீஸ்காரர்கள் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்கள். இந்தக் கதை நமக்குப் புதிதா என்ன?

என்.ஏ.ஏ.சி.பி. என்ற கறுப்பின உரிமைச் சங்கம் வழக்கைக் கையில் எடுத்தது. அன்றைய அமெரிக்காவின் மிகப் பிரபலமான வக்கீல் கிளாரன்ஸ் டாரோவை அமர்த்தியது. நாடெங்கும் நன்கொடை கேட்டு 70,000 டாலருக்கு மேல் திரட்டியது. முதல் விசாரணையில் வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி ஒத்த முடிவுக்கு வரவில்லை. சுட்டதாக ஒப்புக்கொண்ட தம்பி ஹென்றியை 1926 மே மாதம் இரண்டாவது ஜூரி விடுதலை செய்தது. மற்றவர்கள் மீதான வழக்கு 1927-ல் கைவிடப்பட்டது.

தீர்ப்புக்கு முன்பே பணம் வந்தது என்பதுதான் இதில் முக்கியம். "முதலில் நிரபராதி என்று நிரூபியுங்கள், பிறகு தருகிறோம்" என்று சங்கம் சொல்லியிருந்தால் டாரோ வந்திருக்க மாட்டார்.

இப்போது 2017-க்கு வருவோம். தேசிய ரைபிள் சங்கம் 'கேரி கார்டு' என்ற காப்பீட்டை அறிமுகம் செய்தது. குற்றவியல் வழக்குச் செலவில் ஒரு பகுதிதான் முன்கூட்டியே, மிச்சம் விடுதலையானால்தான். வேண்டுமென்றே செய்த செயலுக்குக் காப்பீடு தருவது சட்டவிரோதம் என்று நியூயார்க் மாநிலம் இதில் தலையிட்டது. 2018-ல் தரகு நிறுவனமான லாக்டன் 70 லட்சம் டாலரும், காப்பீட்டு நிறுவனமான சப் 13 லட்சம் டாலரும் அபராதம் கட்டின.

கேரி கார்டு வந்து இரண்டே மாதத்தில் இன்னொரு தீர்ப்பு வந்தது. 2016 ஜூலையில் மினசோட்டாவில் காரை நிறுத்திய போலீஸ்காரரிடம், தன்னிடம் துப்பாக்கி இருப்பதை ஃபிலாண்டோ காஸ்டில் தானாகவே சொன்னார். கறுப்பினத்தவர், உரிமம் வைத்திருந்தவர். சில நொடிகளில் ஏழு குண்டுகள். சுட்ட போலீஸ்காரர் விடுதலை. சட்டைப் பையில் சந்தா அட்டை இருந்திருந்தாலும் அது எதற்கு உதவியிருக்கும்?

அதற்காகத் திட்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உயிர் பிழைத்து வழக்கில் சிக்குபவருக்கு முதல் நாளே வக்கீல் கிடைப்பது பெரிய விஷயம். ஆனால் சுயஉதவிக் குழுக்களின் கடன் பத்திரங்களைப் படித்துப் படித்து எனக்குப் பொடி எழுத்தின் மீது சந்தேகம் வந்துவிட்டது. பணம் எப்போது வரும்? தோற்றால் திருப்பிக் கேட்பார்களா? வக்கீலைத் தேர்ந்தெடுப்பது யார்? நடந்தது தற்காப்புதான் என்று முடிவு செய்வது யார்? கடைசிக் கேள்விக்கு "நிறுவனம்" என்பது பதிலானால், கறுப்பின சந்தாதாரர் கட்டும் பணம் வீண் என்றே நினைக்கிறேன்.

கிளாடிஸ் ஸ்வீட் 1928-ல் காசநோயால் இறந்தார். சிறையில் இருந்தபோது தொற்றியது என்று நம்பப்பட்டது. இரண்டு வயது மகள் ஐவா 1926-லேயே அதே நோயில் போய்விட்டாள்.