எண் மாறியதா, நோய் மாறியதா?

கழுத்தின் முன்புறத்தில், வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் அமைந்திருப்பது தைராயிட் சுரப்பி. அதன் சுரப்புநீர் இரத்தத்தில் கலந்திருக்கும் அளவு மிக நுண்ணியது. நம் நாட்டில் அதனை அளக்கத் தொடங்கிய வரலாற்றில், தாணேக் கடற்கழியின் இரு கரைகளுக்கும் பங்குண்டு.

1959-ஆம் ஆண்டளவில் நியூயார்க் நகரில் ரோசலின் யாலோ அம்மையாரும் சாலமன் பெர்சனும் இன்சுலினை அளக்கக் கதிரியக்க முறையொன்றை வகுத்தனர். நோயாளியின் சுரப்புநீரும், கதிரியக்கம் ஏற்றப்பட்ட அதே சுரப்புநீரும், எதிர்ப்பொருள் என்னும் சில இருக்கைகளுக்குப் போட்டியிடுகின்றன. முன்னது மிகுந்தால் பின்னதற்குக் கிடைக்கும் இடம் குறையும். அக்குறைவே அளவுகோல். 1972-ல் பெர்சன் மறைந்தார். 1977-ல் அம்மையார் நோபல் பரிசு பெற்றார். தைராயிட் சோதனைக்கும் இம்முறையே கைகொடுத்தது.

கடற்கழியின் மேற்குக் கரையில், செம்பூரை அடுத்த டிராம்பேயில், 1956 ஆகஸ்டு 4-ஆம் நாள் அப்சரா அணு உலை இயங்கத் தொடங்கிற்று. 1963-ல் பரேலில் கதிரியக்க மருத்துவ நிலையம் தோன்றியது. 1989-ல் அமைந்த கதிரியக்க ஐசோடோப்புத் தொழில்நுட்ப வாரியம், கிழக்குக் கரையில் தாணே மாவட்டத்து வாஷியிலிருந்து, இச்சோதனைக்குரிய பொருள்களை ஆய்வுக்கூடங்களுக்கு வழங்கலாயிற்று.

முறைகள் ஓயாது திருந்தின. தைராயிடைத் தூண்டும் டி.எஸ்.எச். என்னும் சுரப்பு, நலமுள்ளவரிடம் ஏறக்குறைய 0.4 முதல் 4 அலகு வரை இருக்கும். தொடக்க காலச் சோதனைகளோ 1 அலகுக்குக் கீழே தெளிவாகக் காட்டமாட்டா. ஆகவே சுரப்பி மிகையாக இயங்கும் நோயாளியையும் நலமுள்ளவரையும் பிரித்தறிவது அரிதாயிருந்தது. இரண்டு எதிர்ப்பொருள்களால் பிடிக்கும் முறை 0.1 அலகு வரையிலும், ஒளி உமிழும் முறை 0.01 அலகு வரையிலும் பார்வையைக் கூர்மையாக்கின.

ஆயின், ஆய்வுக்கூடம் பழைய முறையை விட்டுப் புதியதை மேற்கொள்ளும்போது ஓர் இடர் நேர்கிறது. நோயாளியின் உடல் மாறாதிருக்க, அறிக்கையின் எண் மட்டும் மாறக்கூடும். அதை நம்பி மருந்தைக் கூட்டினால் இதயம் படபடக்கும்; குறைத்தால் உடல் சோரும். கருவுற்ற தாய்க்கு இப்பிழை நேருமாயின், சேய்க்கும் தீங்கு வரலாம்.

ஆதலால் குறைந்தது 40 நோயாளிகளின் இரத்தத்தை இரு முறைகளாலும் சோதித்து ஒப்பிடுதல் வழக்கம். அவற்றுள் குறைந்த, நடுத்தர, மிகுந்த அளவுகள் யாவும் இடம்பெற வேண்டும். இரண்டும் ஒருசேர ஏறி இறங்குவதால் மட்டும் அவை ஒத்தன ஆகா என்பதை, 1986-ல் பிளாண்டு, ஆல்ட்மன் எனும் இங்கிலாந்துப் புள்ளியியலறிஞர் இருவர் வலியுறுத்தினர். புதிய முறை எப்போதும் 20 விழுக்காடு மிகுத்துக் காட்டினாலும், ஏற்ற இறக்கம் ஒத்தே தோன்றும்! ஒவ்வொரு நோயாளியிடமும் காணும் வேறுபாட்டையே நோக்க வேண்டும். இயல்பளவின் எல்லைகளையும் புதிய முறைக்கேற்பச் சரிபார்த்து, மருத்துவர்களுக்கு முன்கூட்டியே அறிவித்தல் கடன்.

இன்னொன்று: கூந்தல் வளர்ச்சிக்கென உண்ணும் பயோட்டின் மாத்திரை, சில புதிய சோதனைகளில் டி.எஸ்.எச். அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். அம்மாத்திரை உண்போர், இரத்தம் கொடுக்குமுன் அதைச் சொல்லிவிட வேண்டும்.

நேயர்களே, அறிக்கையில் எண் திடீரென மாறியிருந்தால் அஞ்சவேண்டா. மருந்தைத் தாமாக மாற்றவும் வேண்டா. சோதனை முறை மாறிற்றா என்று ஆய்வுக்கூடத்தாரைக் கேளுங்கள். பழைய அறிக்கையையும் புதியதையும் ஒருங்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.