வெள்ளைக் குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டியவர் யார்?



ஆடி மாதம் பிறந்தால் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைப் படங்கள் நம் குழுக்களில் வரிசையாக வந்துவிடும். மார்வாரி, கத்தியவாரி, நாட்டியக் குதிரை என்று எத்தனை வந்தாலும் கூட்டம் கூடுவது வெள்ளைக் குதிரையைச் சுற்றித்தான். "தாத்தா, சாணியிலதான் படுக்குது, அப்புறம் எப்படி இவ்வளவு வெள்ளையா இருக்கு?" என்று பேரன் முறையில் ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. இதற்குப் பதில் தேடினால் நம் பழைய தருமபுரி மாவட்டத்து வரலாற்றில்தான் போய் நிற்கிறோம். பதிவு கொஞ்சம் நீளம். சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

முதலில் ஒரு செய்தி. நாம் வெள்ளை என்று சொல்லும் குதிரைகளில் பெரும்பாலானவை பிறக்கும்போது வெள்ளை இல்லை. கறுப்பாகவோ செம்பழுப்பாகவோ பிறந்து, ஆண்டுக்கு ஆண்டு நரைத்து, ஆறேழு வயதுக்கு மேல்தான் வெளுக்கின்றன. முடி வெள்ளை, உள்ளே தோல் கறுப்பு. நம் தலை நரைப்பது மாதிரிதான், என்ன, கொஞ்சம் சீக்கிரம்! இதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2008-இல் கண்டுபிடித்தார்கள். பிறவியிலேயே வெள்ளையாக, இளஞ்சிவப்புத் தோலோடு இருப்பவை குறைவு. சந்தையில் 'நுக்ரா' என்று சொல்லி அதிக விலை கேட்பது அந்த வகையைத்தான்.

எந்த வகையானாலும் கறை ஒன்றுதான். குதிரையின் மூத்திரம் காற்றுப் பட்டால் பழுப்பாக மாறும். சாணத்தில் செரித்த புல்லின் நிறமும் பித்தநீரின் நிறமும் சேர்ந்திருக்கும். ராத்திரி படுத்து எழுந்தால் முழங்கால், வயிறு, தொடை, வால் எல்லாம் மஞ்சள். உடனே கழுவினால் போய்விடும். காய விட்டால் முடியின் செதில்களுக்குள் இறங்கிவிடும். பிறகு எவ்வளவு தேய்த்தாலும் லேசான மஞ்சள் நிற்கும். அதனால் கறை எடுக்கும் வேலை பாதி ராத்திரியிலேயே தொடங்குகிறது. வைக்கோலை மாற்றிப் போடுவதும் சாணத்தை உடனே அள்ளுவதும்தான் அதன் முதல் பாடம்.

காலையில் முதலில் தண்ணீர் ஊற்றக் கூடாது. காய்ந்த அழுக்கை வைக்கோல் பிரியாலும் பிரஷ்ஷாலும் உதறி எடுக்க வேண்டும். அதன் பிறகே தண்ணீர், நுரை, தேய்ப்பு. நுரையைச் சொட்டு விடாமல் அலச வேண்டும். மிச்சம் நின்றால் தோல் அரிக்கும், முடியும் மங்கும். கடைசி அலசலில் கொஞ்சம் நீலம். மஞ்சளின் மேல் மெல்லிய நீலம் படிந்தால் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும். வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுகிறோமே, அதே கணக்கு. கை தவறிக் கூடிவிட்டால் குதிரை நீலமாக நிற்கும். உலர்ந்ததும் துணி போர்த்திக் கட்டி, காட்சி நேரம் வரை படுக்க விடாமல் ஒருவர் கூடவே நிற்க வேண்டும்.

சோப்பு வருவதற்கு முன் நம் பக்கத்தில் வெளுக்க இருந்தவை உவர்மண்ணும் பூந்திக்கொட்டையும். உவர்மண்ணின் காரம் வெள்ளாவித் துணிக்குப் பொருந்தும், உயிருள்ள தோலைப் புண்ணாக்கும். பூந்திக்கொட்டை நுரை மென்மையானது. இன்னொரு வேடிக்கை, குதிரையின் வியர்வையிலேயே நுரைக்கும் புரதம் ஒன்று உண்டு. ஓடிவந்த குதிரையின் சேணத்தடியில் வெள்ளை நுரை தள்ளுவது அதனால்தான்.

சரி, வரலாற்றுக்கு வருவோம். தமிழ்நாடு குதிரை விளையும் நாடு அல்ல, குதிரையை வாங்கிய நாடு. கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை சொல்கிறது. அதே புலவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், நீர்ப்பெயற்றுத் துறைக்குக் கப்பலில் வந்த குதிரைகள் பால் நிறம் என்றே வருகிறது. ஆக, இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே நம் ஆட்களின் கண் வெள்ளையின் மேல்தான்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் காயல் துறைக்கு அரபுக் குதிரைகள் வந்து குவிந்தன. ஒரு குதிரைக்கு 220 பொன் தினார் விலை என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதுகிறார். அதே காலத்தில் வந்த மார்க்கோ போலோ சொல்வது இன்னும் முக்கியம். குதிரையைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் இங்கே இல்லாததால் அவை ஏராளமாகச் செத்தன, அப்படித் தெரிந்தவர்களை வணிகர்கள் இங்கே வரவும் விடவில்லை என்கிறார். குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் விற்கலாம்! வாங்கப் பணம் இருந்தது, பார்த்துக்கொள்ளும் அறிவைத்தான் மறைத்து வைத்தார்கள். குதிரைக்காரரின் கைவேலைக்கு என்ன மதிப்பு என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

வடக்கே முகலாய ஓவியங்களைப் பாருங்கள். வெள்ளைக் குதிரையின் கால், வால், அடிவயிறு எல்லாம் செம்மஞ்சளாக இருக்கும். அது மருதாணி. அழகுக்காகவும் மங்கலத்துக்காகவும் பூசினார்கள். ஆனால் பூசிய இடங்களைக் கவனியுங்கள். கறை படியும் இடங்களும் அவைதானே? போகாத கறையை அழகாக மாற்றிவிட்ட சாமர்த்தியமும் அதில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஆங்கிலேயப் படைக்கு அந்தச் சமாதானம் இல்லை. அணிவகுப்பு என்றால் வெள்ளை பளிச்சென்று இருக்க வேண்டும். குதிரைப்படையில் எக்காளம் ஊதுபவருக்கு வெள்ளைக் குதிரை கொடுப்பது அவர்கள் வழக்கம். புகை, புழுதி நடுவிலும் அவரைத் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம். 1773-இல் காசியில் தொடங்கிய படைப்பிரிவுதான் இன்று குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படை. அதில் மற்றவர்கள் செம்பழுப்புக் குதிரையில் வர, எக்காளக்காரர் மட்டும் வெள்ளைக் குதிரையில் வருவதைக் குடியரசு தினத்தன்று தொலைக்காட்சியில் இன்றும் பார்க்கலாம்.

இனி நம் ஊர். 1792-இல் திப்பு சுல்தானோடு செய்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் கம்பெனியின் கைக்கு வந்தது. மைசூர்ப் போர்களில் குதிரைப்படையின் அருமையைக் கம்பெனி அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டது. பிறகு ஓசூர் மத்திகிரியில் ராணுவக் குதிரைப் பண்ணை வைத்தார்கள். இன்று அது மாவட்டக் கால்நடைப் பண்ணை, 1,600 ஏக்கருக்கும் மேல். ஏறக்குறைய 3,000 அடி உயரம், குளிர்ச்சி, புல்வெளி, பக்கத்திலேயே பெங்களூர்த் தண்டு. குதிரைக்கு இதைவிட என்ன வேண்டும்? அந்தக் காலத்தில் ஓசூர் சேலம் மாவட்டம். 1965-இல் தருமபுரி மாவட்டம் பிரிந்தபோது நம்மோடு வந்தது. 2004-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தோடு போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் இந்தியப் படைக்கு வந்தன. ஊர்ப் பெயராலேயே அவற்றுக்கு 'வேலர்' என்று பெயர்.

சென்னைப் படையில் ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு குதிரைக்காரர், ஒரு புல்லறுப்பவர். புல் அறுத்தவர் பெரும்பாலும் குதிரைக்காரரின் மனைவி. அறுப்பது என்றா சொன்னேன்? அருகம்புல்லை வேரோடு செதுக்கி, மண் போக அலசி, கட்டாகக் கட்டிச் சுமந்து வர வேண்டும். படை நடக்கும்போது அவர்களும் கூடவே நடந்தார்கள். குதிரை மேல் இருந்தவர் வேறொருவர். விடிவதற்கு முன் எழுந்து கறை தேய்த்த கை வேறு. ஒரு குடும்பத்தின் முழுநாள் உழைப்பு ஒரு குதிரைக்குப் போனது.

இங்கேதான் என் மனம் நிற்கிறது. சென்னை அண்ணா சாலைப் பக்கம் மன்றோ சிலையைப் பார்த்திருப்பீர்கள். 1792 முதல் 1799 வரை பாராமகாலில் வேலை பார்த்த அதே மன்றோதான். நம் தருமபுரியில் குடியிருந்தவர். குதிரை மேல் இருப்பவர் பெயர் தெரியும். செய்த சிற்பி பிரான்சிஸ் சாண்ட்ரி என்று தெரியும். 1839-இல் நிறுத்தினார்கள் என்று தெரியும். சேணமும் அங்கவடியும் இல்லை என்று கேலி பேசுவதும் தெரியும். அவருடைய குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டியவர் யார்? நாம் படித்த, நான் நடத்திய எந்தப் பாடப் புத்தகத்திலும் அவர் இல்லை.

ஆனால் நம் மண்ணின் பழைய வழக்கம் வேறு. அரூர் தாண்டிச் செங்கம் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. பல்லவன் மகேந்திரவர்மன் காலம், ஏழாம் நூற்றாண்டு. கள்வரைக் கடித்து, மாண்ட தன் ஆளுக்குக் காவலாக நின்ற நாயைக் கல்லில் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு முன் ஒரு நாயின் பெயரை மறக்காத ஊர்கள் நம்முடையவை. இருநூறு ஆண்டுக்கு உள்ளாக வாழ்ந்த குதிரைக்காரரை மட்டும் மறக்கலாமா?

அதனால் இரண்டு வேண்டுகோள். கல்யாண ஊர்வலத்துக்கு வெள்ளைக் குதிரை வாடகைக்குப் பிடிக்கும் பிள்ளைகளே, குதிரையின் முழங்காலில் லேசாக மஞ்சள் இருந்தால் முகம் சுளிக்காதீர்கள். நாம் சுளிப்பதைப் பார்த்துத்தான் துணிக்குப் போடும் ப்ளீச்சிங் பொடியைக் குதிரைக்குப் போடத் தோன்றும். அது தோலையும் கண்ணையும் கெடுக்கும். கூட வரும் குதிரைக்காரருக்கும் பந்தியில் ஓர் இலை போடுங்கள்.

மத்திகிரி, தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மாணவர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். பாட்டனாரோ பூட்டனாரோ பண்ணையில் குதிரை பார்த்தவரா, பாட்டி புல் சுமந்தவரா? பெயர், ஊர், கறை போக என்ன போட்டுத் தேய்த்தார்கள் என்று நினைவில் இருப்பதைத் தமிழில் நான்கு வரி எழுதிக் கீழே போடுங்கள். தமிழோ தெலுங்கோ கன்னடமோ, அவர்கள் சொன்ன சொல்லையே எழுதுங்கள், திருத்த வேண்டாம். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தொகுத்து வைக்கிறேன்.