பொண்ணுக்கு ஒரு வினை, மாப்பிள்ளைக்கு ஒரு வினை

இந்தப் பதிவுக்குக் காரணம் ஒரு எக்செல் ஷீட்.

ஆபீஸில் ஒரு அப்ளிகேஷனை ருமேனிய மொழியில் தர வேண்டியிருந்தது. ஷீட்டில் இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் காலி. ஒரு ஆங்கில வார்த்தைக்கு ஒரு ருமேனிய வார்த்தை, நிரப்பி அனுப்புங்கள் என்று மொழிபெயர்ப்பாளருக்கு மெயில் தட்டிவிட்டேன். எல்லாம் ஒழுங்காகத் திரும்பி வந்தது, 'மேரீட்' என்ற ஒரே ஒரு வரியைத் தவிர. அந்தக் கட்டத்துக்குள் நாலு வார்த்தை: இன்சுராத், மரிதாதா, கசதொரித், கசதொரிதா. பக்கத்திலேயே ஒரு கேள்வி. "ஃபார்மை நிரப்புவது ஆணா, பெண்ணா?"

டெட்லைன் கழுத்தை நெரிக்கிற நேரத்தில் இதையெல்லாம் யார் பார்ப்பது? நாலில் முதலாவதை எடுத்துப் போட்டேன். விளைவு, டெஸ்டிங்குக்கு உட்கார்ந்த ருமேனியப் பெண்மணி ஒருவரை எங்கள் மென்பொருள் 'பொண்டாட்டி உள்ளவர்' என்று அறிவித்துவிட்டது. :-)

பக் லிஸ்டில் என் பெயருக்கு நேரே அது வந்து விழுந்த அன்று ராத்திரிதான் அகராதியும் கையுமாக உட்கார்ந்தேன். உட்கார்ந்தவன் எழுந்திருக்கச் சில வாரம் ஆனது. அப்போது சேர்த்ததில் சுவாரசியமானதை மட்டும் இங்கே போடுகிறேன்.

முதலில் கொஞ்சம் சரித்திரம். கி.பி. 106-ல் ரோமப் பேரரசன் டிராஜன் டாசியாவைப் பிடித்தான். இன்றைய ருமேனியாவின் ஒரு பெரிய பகுதி அது. 270களில் ஆரேலியன் காலத்தில் ரோமப் படை அங்கிருந்து மூட்டை கட்டியது. ஆனால் லத்தீன் பேச்சு அந்த வட்டாரத்தில் அழியவில்லை. அதைப் பேசியவர்கள் டான்யூப் ஆற்றுக்கு வடக்கே இருந்தார்களா தெற்கே இருந்தார்களா என்று சரித்திரக்காரர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள், அந்தச் சண்டைக்குள் நான் வரவில்லை. சுற்றிலும் ஸ்லாவிய மொழிகளும் ஹங்கேரியனும் இருக்க, நடுவில் லத்தீனுக்குப் பிறந்த ஒரு மொழி பிழைத்துக் கிடந்தது. அதுதான் ருமேனியன். இன்று நம் கையில் இருக்கும் மிகப் பழைய ருமேனிய எழுத்து 1521-ஆம் வருஷத்துக் கடிதம். நேயாக்ஷு என்ற வியாபாரி பிராஷோவ் நகரத் தலைவருக்கு, துருக்கியர்கள் வருகிறார்கள், ஜாக்கிரதை என்று எழுதியது. அதாவது படை போன பிறகு ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு மேல் அந்த மொழி எழுத்தில் கிடைக்காமல், வீட்டிலும் வயலிலும் மட்டுமே வாழ்ந்திருக்கிறது. அதனால்தானோ என்னவோ, வீட்டு வார்த்தைகளில் லத்தீன் அப்படியே உறைந்து நிற்கிறது.

இப்போது என் நாலு வார்த்தைக்கு வருகிறேன்.

லத்தீனில் புருஷனுக்கு 'மரீதுஸ்', மனைவிக்கு 'உக்ஸோர்'. ருமேனியனில் இந்த ரெண்டு பெயர்ச்சொற்களும் செத்துப்போய்விட்டன. ஆனால் ரெண்டும் வினைச்சொல்லுக்குள் ஒளிந்துகொண்டு உயிரோடு இருக்கின்றன! ஒரு பெண் கல்யாணம் செய்துகொண்டால் 'மரிதா', அதாவது மரீதுஸை அடைவது. ஒரு ஆண் செய்துகொண்டால் 'இன்சுரா', அதாவது உக்ஸோரை அடைவது. ரெண்டையும் மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு மேலே சொன்ன பெண்மணியே சாட்சி.

ஆண், பெண் இருவருக்கும் பொதுவான வார்த்தையும் ஒன்று உண்டு: 'கசதொரி'. வேர், 'காஸா'. அதாவது வீடு. கல்யாணம் என்றால் குடித்தனம் போடுவது. சட்டப் புத்தகம், அரசாங்க ஃபார்ம் எல்லாவற்றிலும் இதுதான். கசதொரித் ஆணுக்கு, கசதொரிதா பெண்ணுக்கு. ஊர்ப்பேச்சில் இன்றைக்கும் பெண் 'மரிதா'தான், ஆண் 'இன்சுரா'தான்.

சரி, ஆங்கிலத்தில் மட்டும் ஏன் ஒரே வார்த்தை? 'மேரி' என்ற வினை பிரெஞ்சு வழியாக வந்தது. அதற்கு மூலமும் அதே மரீதுஸ், அதாவது புருஷன். அப்படிப் பார்த்தால், ஒரு வெள்ளைக்காரர் கல்யாணம் செய்துகொண்டேன் என்று சொல்லும்போது, வேரின்படி அவருக்குப் புருஷன் கிடைத்திருக்கிறார். :-) இடது பக்கம் இருந்த ஆங்கில வார்த்தைதான் பொதுவானது, வலது பக்கம்தான் குழப்பம் என்று நினைத்திருந்தேன். உண்மையில் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று கணக்காக வைத்திருந்தது வலது பக்கம்.

'ஹஸ்பண்ட்' இன்னும் தமாஷ். அது ஆங்கிலேயர்களின் சொந்தச் சரக்கே இல்லை. இங்கிலாந்துக்கு வந்து இறங்கிய வைகிங்குகளின் மொழியில் 'ஹூஸ்' என்றால் வீடு, 'போண்டி' என்றால் நிலபுலனோடு குடியிருப்பவன். ஆக 'ஹூஸ்போண்டி' என்பது வீட்டுக்குச் சொந்தக்காரன். கல்யாணம் ஆனவனா இல்லையா என்பது அந்தச் சொல்லில் முதலில் இல்லை. விவசாயத்துக்கு ஆங்கிலத்தில் 'ஹஸ்பண்ட்ரி' என்று பெயர் வந்ததும் இந்த வழியில்தான். 'எங்க வீட்டுக்காரர்' என்று நம்மூர்ப் பெண்கள் சொல்கிறார்களே, எழுத்துக்கு எழுத்து அதேதான். வைகிங்குக்கும் நமக்கும் ஒரு ஒட்டும் உறவும் இல்லை. வீடு யார் பெயரில் இருந்தது என்பதில் மட்டும்தான் ஒற்றுமை.

ருமேனியனில் புருஷனுக்கு ரெண்டு பெயர். பேச்சில் 'பர்பாத்'. அதற்கு ஆண்பிள்ளை என்றும் அர்த்தம், புருஷன் என்றும் அர்த்தம். லத்தீன் மூலத்துக்குப் பொருள் தாடிக்காரன். மரியாதையாகச் சொன்னால் 'சொட்ஸ்'. லத்தீனில் கூட்டாளி, துணை. மனைவிக்கு அதே வேரிலிருந்து 'சொட்சியே'. நம் துணைவர், துணைவியார் மாதிரி, ஒரே வேரில் ரெண்டு கிளை.

மனைவிக்கு இன்னொரு வார்த்தை 'நெவாஸ்தா'. இது ஸ்லாவிய மொழியிலிருந்து வந்தது. அங்கே அதற்கு மணப்பெண் என்று பொருள். வேரில் 'அறியாதவள்' என்று அர்த்தம் என்பதுதான் மொழியியலாளர்கள் பலரும் தருகிற விளக்கம். புகுந்த வீட்டில் முகம் தெரியாமல் வந்து நிற்கும் பெண். பெண் என்பதற்கான பொதுச்சொல் 'ஃபெமேயே'. அது எங்கிருந்து வந்தது தெரியுமா? லத்தீன் 'ஃபமிலியா', அதாவது குடும்பம். "குடும்பம் ஊருக்குப் போயிருக்கு" என்று மனைவியைச் சொல்லும் பெரியவர்களை நானே பார்த்திருக்கிறேன். படித்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

ஒரு போனஸ்: சம்பந்திக்கு ஆங்கிலத்தில் வார்த்தை கிடையாது, இல்லையா? ருமேனியனில் இருக்கிறது. 'குஸ்க்ரு'. அதுவும் லத்தீனிலிருந்து வந்ததுதான்.

இதுவரை ஜாலியாக வந்தாச்சு. இனிமேல் அப்படி இல்லை.

வரதட்சிணைக்கு ருமேனியனில் 'ஸெஸ்த்ரே' என்று பெயர். லத்தீனில் 'வலது கைகள்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்கின்றன அகராதிகள். கையில் கை வைத்துக் கொடுக்கும் வாக்கு. எவ்வளவு அழகான வேர்! ஆனால் வலாக்கியா, மால்டேவியா சமஸ்தானங்களின் பழைய ஸெஸ்த்ரே பட்டியல்களில் என்ன இருந்தது? பெரிய வீட்டுக் கல்யாணம் என்றால் சாமி படம், நகை, துணிமணி, வெள்ளிச் சாமான், நிலம், அதோடு அடிமைகள். ரோமா இனத்து மனிதர்களை, பாத்திரம் பண்டத்தோடு சேர்த்துப் பெண்ணுக்குச் சீராகக் கொடுத்திருக்கிறார்கள். 1855-லும் 1856-லும் அந்த ரெண்டு சமஸ்தானங்களும் அடுத்தடுத்து அடிமைமுறையை முழுசாக ஒழிக்கும் வரை இது சட்டப்படி சரி.

அடுத்து சட்டம். இந்த ரெண்டு சமஸ்தானங்களும் 1859-ல் ஒரே ஆளைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தன. பெயர் அலெக்சாந்த்ரு இயோன் கூஸா. அவர் ஆட்சியில் 1864-ல் ஒரு சிவில் சட்டம் வந்தது, 1865 டிசம்பரில் அமலுக்கு வந்தது. நெப்போலியனின் 1804 சட்டத்தைப் பெரும்பாலும் அடியொற்றியது. கல்யாணப் பதிவைச் சர்ச்சின் கையிலிருந்து எடுத்து அரசாங்கத்தின் கையில் கொடுத்தது. இன்றும் அங்கே முதலில் அரசாங்கப் பதிவு, அப்புறம்தான் சர்ச்சில் தலையில் கிரீடம் வைக்கும் சடங்கு. இதெல்லாம் நல்ல விஷயம். ஆனால் அதே சட்டம்தான், கணவன் மனைவிக்குப் பாதுகாப்பு தர வேண்டும், மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்றும் சொன்னது. கல்யாணம் ஆன பெண் வழக்குப் போடவோ, சொத்தை விற்கவோ புருஷனின் சம்மதம் வேண்டும். மைனர் பிள்ளைக்கும் அவளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இது மாறியது 1932 ஏப்ரலில். 'கல்யாணமான பெண்ணின் தகுதியின்மையை நீக்கும் சட்டம்' என்று அதற்குப் பெயர். அந்தத் தலைப்பில் இருக்கும் ருமேனிய வார்த்தை எது என்று பார்த்தேன். மரிதாதா! என் எக்செல் கட்டத்தில் இருந்த இரண்டாவது வார்த்தை. ஆணுக்கு இப்படி ஒரு சட்டம் தேவையே படவில்லை. இன்சுராத் ஆனதால் எந்த ஆணும் எந்த உரிமையையும் இழக்கவில்லையே.

இங்கிலாந்து மட்டும் ஒழுங்கா என்றால் அதுவும் இல்லை. கணவனும் மனைவியும் சட்டத்தின் கண்ணில் ஒரே ஆள் என்று 1765-ல் பிளாக்ஸ்டன் எழுதி வைத்தார். அந்த ஒரே ஆள் யார் என்று கேட்கவே வேண்டாம், வீட்டுக்காரர்தான். 1870-லும் 1882-லும் சட்டங்கள் வந்த பிறகுதான் அங்கே மனைவியின் சொத்து மனைவிக்கு என்று ஆனது.

ருமேனியாவில் 1954-ல் வந்த குடும்பச் சட்டம் தம்பதிகள் இருவரும் சமம் என்றது. ஆனால் 1966-ல் சௌஷெஸ்கு ஆட்சி கருக்கலைப்பைத் தடை செய்தது, கூடவே விவாகரத்தையும் கிட்டத்தட்ட நடக்காத காரியமாக்கியது. 1967-ல் நாடு முழுக்க நடந்த விவாகரத்துகள் ஐம்பதைக்கூடத் தொடவில்லை என்கிறது கணக்கு. அத்தனை பேரும் ஒரே வருஷத்தில் திடீரென்று சந்தோஷமாகிவிட்டார்கள் என்றா நினைக்கிறீர்கள்? காகிதத்தில் எல்லாரும் சொட்ஸ், சொட்சியே. துணை வேண்டாம் என்று சொல்ல மட்டும் வழி இல்லை.

இதையெல்லாம் படித்ததில் என்னுடைய ஒரு மூடநம்பிக்கை போனது. வார்த்தையின் வேரைப் பார்த்து அந்த மக்களின் குணத்தைச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நம்மில் பலருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. தமிழில் துணைவி என்கிறோம், பாருங்கள் எவ்வளவு சமத்துவம் என்று நானே ஒருமுறை மேடையில் பேசிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். ருமேனியர்களும் மனைவியைத் துணை என்றுதான் கூப்பிட்டார்கள். கூப்பிட்டுக்கொண்டே, 1932 வரை அவள் கையெழுத்தைச் செல்லாததாக வைத்திருந்தார்கள். வேர்ச்சொல், எப்போதோ ஒருவர் எதை நினைத்து அந்தப் பெயரை வைத்தார் என்பதை மட்டும்தான் சொல்கிறது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு வாழ்ந்தவர்கள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்று தெரிய வேண்டுமென்றால், சீர்ப் பட்டியலையும் சட்டப் புத்தகத்தையும்தான் புரட்ட வேண்டும்.

பக் என்ன ஆச்சு என்று கேட்பவர்களுக்கு: ஆண் என்றால் கசதொரித், பெண் என்றால் கசதொரிதா, ஒரு இஃப் கண்டிஷன், முடிந்தது. சரிசெய்ய பத்து நிமிஷம். மொழிபெயர்ப்பாளருக்கு மன்னிப்பு மெயிலும் போட்டேன். "எல்லா ப்ராஜெக்ட்டிலும் இதே வரியில்தான் இடறுகிறார்கள்" என்று பதில் வந்தது.

டிஸ்கி: 'வாக்கப்பட்டு வந்தா' என்று பெண்ணுக்கு மட்டும் சொல்கிறோமே, ஆணுக்கு மட்டுமேயான கல்யாண வினைச்சொல் ஏதாவது உங்கள் ஊர்ப்பக்கம் உண்டா? யோசித்து யோசித்துப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் சிக்கவில்லை. தெரிந்தவர்கள் பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.