லெனார்ட் வுல்ஃபின் கண்டிக் கச்சேரிக் காலம்

லெனார்ட் வுல்ஃப் (1880–1969) ஆங்கில நவீனத்துவ இலக்கிய வட்டமான புளூம்ஸ்பரிக் குழுவைச் சேர்ந்த எழுத்தாளர். வெர்ஜீனியா வுல்ஃபின் கணவர். எழுத்தாளராக அறியப்படுவதற்கு முன் ஏறத்தாழ ஆறரை ஆண்டுகள் இலங்கைக் குடியேற்ற அரசின் சிவில் சேவையில் பணியாற்றினார். 1904 டிசம்பரில் கொழும்பு வந்திறங்கிய அவர் முதலில் யாழ்ப்பாணத்தில் பயிற்சி அதிகாரியாக இருந்தார். 1907 ஆகஸ்டில் மத்திய மாகாண அரசாங்க அதிபரின் அலுவலக உதவியாளராகக் கண்டிக்கு மாற்றப்பட்டு, அங்கு ஓராண்டு கடமையாற்றினார்.

பெயரளவில் உதவியாளர் பதவி; ஆனால் கச்சேரி எனப்பட்ட அந்த அலுவலகத்தின் அன்றாட நிருவாகத்தில் பெரும்பகுதி அவர் கையில்தான் இருந்தது. வந்த கடிதத்துக்கு அன்றே பதில் போகவேண்டும் என்பதில் அவர் விடாப்பிடியானவர். கண்டியச் சட்டப்படியான மணமுறிவு விண்ணப்பங்களும் அவர் முன் வந்தன. கணவனும் மனைவியும் ஒத்துக்கொண்டாலே பிரியலாம் என்ற அந்தச் சட்டம், அன்றைய இங்கிலாந்துச் சட்டத்தைவிட மனிதத்தன்மை மிக்கது. போகம்பறைச் சிறையில் தூக்குத் தண்டனை நிறைவேறும்போது அரசின் சார்பில் உடனிருப்பதும் அவர் கடமையாக இருந்தது. விடியற்காலையில் கண்ட அந்தக் காட்சிகளின் கொடூரத்தை, அரை நூற்றாண்டு கழித்து எழுதிய ‘குரோயிங்’ என்ற தன்வரலாற்று நூலில் பதிவுசெய்தார். ஆளும் வெள்ளையர் கூட்டத்தில் ஒருவராக இருப்பதன் சங்கடத்தை அந்நூல் ஒளிவுமறைவின்றிப் பேசுகிறது.

அவர் கண்டியை விட்டுச் சென்ற 1908ஆம் ஆண்டிலேயே எழுத்தாளர் ஃபிரான்ஸ் காஃப்கா பிராகு நகரில் தொழிலாளர் விபத்துக் காப்புறுதி நிறுவனத்தில் பணிக்குச் சேர்ந்தார். எளிய மக்களின் துயரம் கோப்புகளாக வந்துசேரும் மேசையே இருவருக்கும் வாய்த்தது. அதிகாரத்தின் முகத்தை இருவரும் உள்ளிருந்தே கண்டார்கள்.

1908 ஆகஸ்டில் வுல்ஃப் அம்பாந்தோட்டை உதவி அரசாங்க அதிபரானார். காட்டை எரித்துச் சேனைப் பயிர் செய்து பிழைத்த வறிய சிங்களக் கிராமத்தவரோடு ஏற்பட்ட நெருக்கத்திலிருந்து ‘த வில்லேஜ் இன் த ஜங்கிள்’ (1913) என்ற நாவல் பிறந்தது. சேனைக்கு அனுமதி தரும் கிராமத் தலைவனும், கடன் கொடுத்துச் சுரண்டும் வியாபாரியும் வேட்டைக்காரன் சிலிந்துவின் குடும்பத்தை அழிக்கிறார்கள். வெள்ளைக்கார நீதவானின் மன்றத்தில் நடப்பது இன்னதென்று குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கே விளங்குவதில்லை. தாம் அமர்ந்திருந்த நாற்காலியை, அதன் எதிரே நின்றவனின் கண்ணால் பார்த்ததே வுல்ஃபின் பெரிய சாதனை. மன்னார்க் கரையோர முத்துக்குளிப்பில் பெற்ற அனுபவம் ‘பேர்ள்ஸ் அண்ட் சுவைன்’ என்ற சிறுகதையாயிற்று.

ஆயினும் அவர் புனைகதையில் ஒரு பெரிய வெற்றிடம் உண்டு. கண்டியைச் சூழ்ந்த மலைகளில் தேயிலைத் தோட்டங்கள் பரந்திருந்தன. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய வர்த்தகப் பயிர்ச்செய்கையை நடத்தியவர்கள் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள். கங்காணிக்குப் பட்ட கடன் அவர்களைத் தோட்டத்தோடு கட்டிப்போட்டது. கடனை எழுதிக் கைமாற்றும் துண்டு முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. தோட்டத் துரைமாரோடு பழகிய வுல்ஃபின் நாவலிலோ இலங்கைச் சிறுகதைகளிலோ இத்தொழிலாளர் இடம்பெறவில்லை. அவர்களது வாழ்வை எழுத, தோட்டத்திலேயே பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை வரவேண்டியிருந்தது.

1911இல் விடுமுறையில் இங்கிலாந்து சென்ற வுல்ஃப் மறு ஆண்டு பதவி விலகினார். அதன்பின் மகளிர் கூட்டுறவுக் கழகத்தின் உழைக்கும் பெண்களிடையே பணிசெய்தார். அப்பெண்களே எழுதிய வாழ்க்கைக் குறிப்புகளின் தொகுப்பை 1931இல் வுல்ஃப் தம்பதியரின் ஹோகார்த் பதிப்பகம் வெளியிட்டது. பிரித்தானியத் தொழிற்கட்சியின் சர்வதேச, ஏகாதிபத்திய விவகார ஆலோசனைக் குழுக்களின் செயலாளராக நெடுங்காலம் இருந்து, குடியேற்ற நாடுகளின் சுயாட்சிக்காக வாதாடினார். இலங்கையில் 1915இல் நடந்த சிங்கள–முஸ்லிம் கலவரத்தை அடக்குவதில் அரசு செய்த கொடுமைகளுக்கு நீதி கேட்டு லண்டன் சென்ற இலங்கைத் தலைவர்களுக்கும் துணைநின்றார். 1960இல், சுதந்திர இலங்கைக்கு மீண்டும் ஒருமுறை வந்து சென்றார். ‘குரோயிங்’ அடுத்த ஆண்டு வெளிவந்தது.