மேற்பலகையின் மறுபுறம்

கித்தாரின் இசையைக் கேட்போர் அதன் நரம்புகளைப் பாராட்டுவர். அக்கருவியைக் காண்போர் அதன் வடிவையும் மெருகையும் வியப்பர். ஆனால், அதனைக் கையாற் செய்யும் தச்சன் கவலை கொள்வதோ எவர் கண்ணுக்கும் புலப்படாத ஓரிடத்தைப் பற்றியே. அது மேற்பலகையின் உட்புறம். அங்கே ஒட்டப்படும் சில மெல்லிய மரச் சலாகைகளே, கருவி பாடுமா, ஊமையாகுமா, அன்றி வளைந்து வெடித்துப் போகுமா என்பதைத் தீர்மானிக்கின்றன.

இதன் காரணம் எளிதில் விளங்கக்கூடியது. தனித்து அதிரும் நரம்பு எழுப்பும் ஒலி மிகச் சிறிது. அவ்வதிர்வு ‘குதிரை’ வழியாக மேற்பலகையை அடைந்து, பலகை முழுவதும் அதிரும்போதே அறை நிறைந்த நாதம் பிறக்கின்றது. நன்கு அதிர வேண்டுமாயின் பலகை மெல்லியதாக இருத்தல் வேண்டும். அதன் கனம் பெரும்பாலும் 2 முதல் 3 மில்லிமீற்றர் வரையே. ஆயினும், ஆறு நரம்புகளும் சேர்ந்து அதனை ஏறத்தாழ 40 கிலோ எடைக்கு ஈடான விசையோடு இழுத்து நிற்கின்றன. பலகையைத் தடிப்பாக்கினால் ஒலி மடியும். மெலிதாக்கினால் பலகையே மடியும். இவ்விரு இடர்களுக்கும் இடையே வழி கண்டதே கித்தார் தச்சரின் வரலாறு எனலாம்.

பழைய கித்தார்களில் ஒலித்துளைக்கு மேலும் கீழும் குறுக்குச் சட்டங்கள் சிலவே இருந்தன. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஸ்பானிய நாட்டின் செவில் நகரில் பிரான்சிஸ்கோ சங்குவீனோவும், காதிஸ் நகரில் பகேஸ், பெனேதித் என்போரும் குதிரையின் கீழே விசிறி மடிப்புகள் போன்று விரிந்து செல்லும் சலாகைகளைப் பொருத்தினர். கனத்தைக் கூட்டாமலே பலகைக்கு உறுதியளிக்க இவ்வமைப்பு உதவியது.

அவர்கள் தொடங்கியதை நிறைவுறச் செய்தவர் அந்தோனியோ தெ தொறெஸ். 1817ஆம் ஆண்டில் அல்மேரியாவை அடுத்த சிற்றூரொன்றிற் பிறந்த இவர், இளமையிலே தச்சுத் தொழில் பயின்றவர். பின்னர் செவில் நகரிற் குடியேறிக் கித்தார் செய்வதிற் புகழ் பெற்றார். இவர் கருவியின் உடலைப் பெரிதாக்கினார். மேற்பலகையை மேலும் மெலிதாக்கி, சற்றே குவிந்த வளைவும் கொடுத்தார். அதன் கீழ் ஏழு சலாகைகளை விசிறியாக அமைத்து, அவற்றின் அடியில் மேலும் இரண்டைச் சாய்வாக வைத்து முடித்தார். இன்று உலகெங்கும் வழங்கும் செவ்வியற் கித்தாரின் உள்ளமைப்புக்கு இதுவே மூலமாகும்.

ஆயினும், நாதத்தின் உறைவிடம் மேற்பலகைதான் என்பதை உலகம் நம்ப வேண்டுமே! விலையுயர்ந்த மரத்தாலான பின்பலகையே கருவிக்கு இனிமை தருகின்றதென்று கருதியோர் பலர். 1862இல் தொறெஸ் வியத்தகு சோதனையொன்றை நடத்தினார். மேற்பலகையை வழக்கம்போல் நல்ல மரத்திலே செய்து, பின்புறத்தையும் பக்கங்களையும் வெறுங் கடதாசி அட்டையால் அமைத்தார். அக்கருவி இன்றும் பார்சலோனாவின் இசை அருங்காட்சியகத்திற் பேணப்படுகின்றது. சொல்லால் வாதிடாது, செயலால் விடையளித்த தச்சரின் சான்று அது.

அதே நூற்றாண்டில் வேறொரு தச்சர் வேறொரு விடையைக் கண்டார். கிறிஸ்தியான் பிரெடரிக் மார்ட்டின் 1796இல் ஜேர்மனியின் மார்க்னொய்கிர்ஷன் என்னும் ஊரிலே மரத் தளபாடத் தச்சர் குடும்பமொன்றிற் பிறந்தவர். அவ்வூர் வயலின் செய்வோரின் சங்கம், தளபாடத் தச்சருக்குக் கித்தார் செய்யும் உரிமை இல்லையென நெடுங்காலம் வழக்காடியது. இப்பூசலின் நடுவே தொழில் செய்த மார்ட்டின் 1833இல் அமெரிக்கா சென்றார். முதலில் நியூயோர்க்கிலும் பின்னர் பென்சில்வேனியாவின் நசரேத்திலும் பட்டறை அமைத்தார். 1840களில் அவருடைய கித்தார்களில், இரு சலாகைகள் பெருக்கற் குறிபோல் ஒன்றையொன்று ஊடறுத்துச் செல்லும் புதிய அமைப்புத் தோன்றியது.

அக்காலத்தில் அவையும் நரம்பு பூட்டிய கருவிகளே. அவ்வமைப்பின் முழு வலிமையும் வெளிப்பட மேலும் எண்பது ஆண்டுகள் செல்ல வேண்டியிருந்தது. 1920களில் உருக்குத் தந்திகள் பெருவழக்காயின. அவற்றின் இழுவிசை 70 கிலோவையும் கடக்கும். விசிறிச் சலாகைகள் அச்சுமையைத் தாங்க அமைந்தவையல்ல. பெருக்கற் குறி அமைப்போ அதனைத் தாங்கியது. மார்ட்டின் 1873இலேயே மறைந்துவிட்டார். தாம் இட்ட சலாகைகள் எத்தகைய பாரத்தைச் சுமக்கவிருந்தன என்பதை அவர் அறிந்திருக்க வழியில்லை.

1892இல் மறைந்த தொறெஸைப் பற்றி அவரை அறிந்த பாதிரியார் ஒருவர் எழுதிவைத்த செய்தியொன்று உண்டு. தொழிலின் இரகசியத்தைப் பின்வருவோருக்கு விட்டுச்செல்லலாகாதா என்று வினவியபோது, அவர் தம் பெருவிரலையும் சுட்டுவிரலையும் காட்டி, பலகையின் பதத்தை இவ்விரல் நுனிகளே தமக்கு உணர்த்துவதால் அதனைப் பிறருக்குக் கொடுத்தல் இயலாதென்றாராம்.

சலாகைகளின் அளவை இன்று எவரும் வரைபடத்திற் பார்த்துக்கொள்ளலாம். ஆனால், ஒரே மரத்தில் அறுத்த இரு பலகைகளும் ஒரே தன்மையின அல்ல. எனவே, முதன்முறையாகக் கித்தார் செய்ய முனைபவன், சலாகையை இழைத்து இழைத்துப் பலகையை வளைத்துப் பார்த்து, எங்கே நிறுத்துவதென்று தானே முடிவு செய்தல் வேண்டும். பெட்டியை மூடி ஒட்டியபின் அந்த முடிவு கண்ணுக்குத் தெரியாது. செவிக்கு மட்டுமே தெரியும்.