அரைவலிமை என்னும் பழைய அளவு

ஆங்கிலப் புத்தாண்டு பிறக்கும்போது மக்கள் மேற்கொள்ளும் விரதங்களுள் தேகப்பயிற்சிக்குத் தனி இடம் உண்டு. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் அலுவல் பார்க்கும் நம்மவர் பலர் ஜனவரி முதல் வாரத்தில் விடியுமுன் எழுந்து ஓடத் தொடங்குகின்றனர். மாதம் முடிவதற்குள் அவர்களுள் சிலர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வைத்தியரை நாடுகின்றனர். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தனியறையில் வாழ்பவர்க்குக் கால் சுளுக்குங்கூடப் பெருந்துன்பமாகும்; ஒரு குவளை வெந்நீர் வைத்துக் கொடுக்கவும் அருகில் ஆள் இராது. நாற்பது வயதைக் கடந்து, பல்லாண்டுகள் நாற்காலியிலேயே அமர்ந்து பழகியவர்க்கு நேரும் தீங்கு சுளுக்கோடு நின்றுவிடும் என்பதற்கும் உறுதியில்லை. ஆதலின், எந்த அளவில் தொடங்குவது என்பது எண்ணிப் பார்க்கத்தக்க வினாவாகும். இவ்வினாவை இந்நாட்டினர் மிகப் பழங்காலத்திலேயே எழுப்பி, விடையும் கண்டிருக்கின்றனர்.

ஏறக்குறைய கி.பி. 7-ஆம் நூற்றாண்டில் வாக்படர் இயற்றியதாகக் கருதப்படும் அஷ்டாங்க ஹிருதயம் என்னும் மருத்துவ நூல், அன்றாட ஒழுக்கத்தைக் கூறும் அதிகாரத்தில் தேகப்பயிற்சியைப் பற்றிப் பேசுகிறது. வலிமை உடையவரும் நெய்ப்புள்ள உணவு உண்பவரும், குளிர்காலத்திலும் வசந்தத்திலும் தம் வலிமையில் பாதியளவே செலவிட்டுப் பயிற்சி செய்யவேண்டும் என்றும், ஏனைய பருவங்களில் அதனினும் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றும் அந்நூல் விதிக்கிறது. அளவு கடந்தால் தாகம், மூச்சுத் திணறல், களைப்பு, இருமல், காய்ச்சல், வாந்தி முதலியன வரும் என எச்சரிக்கவும் செய்கிறது. இந்த விதி நோயாளிக்குக் கூறப்பட்டதன்று. வலிமை உடையவனுக்கே கூறப்பட்டது. வலியவனுக்கே பாதி என்றால், புதிதாகத் தொடங்குபவனுக்கு எவ்வளவு என்பதை நாமே உணர்ந்துகொள்ளலாம்.

பாதி வலிமை என்பதை எங்ஙனம் அளந்தறிவது? அதற்குச் சுசுருத சம்ஹிதை ஓர் அடையாளம் கூறுகிறது. பயிற்சியின்போது நெஞ்சில் நிலைபெற்றிருக்கும் மூச்சு வாய்வழியே வெளிப்படத் தொடங்குமாயின், அதுவே அரைவலிமையின் எல்லை. துலாக்கோலும் கடிகாரமும் வேண்டாத அளவு இது. இக்கால உடற்பயிற்சி வல்லுநரும் இதனை ஒத்ததொரு சோதனையையே எளியவர்க்குப் பரிந்துரைக்கின்றனர்: நடக்கும்போது பேச முடியவேண்டும், ஆனால் பாட முடியாதிருக்க வேண்டும், அதுவே மிதமான பயிற்சி. இரண்டு வார்த்தை பேசுவதற்குள் மூச்சு வாங்குமாயின் மிதம் கடந்துவிட்டது என்று பொருள்.

நூல்கள் விதித்த அளவை நடைமுறையில் காத்துவந்த இடம் மல்லர்களின் பயிற்சிக்கூடம். 12-ஆம் நூற்றாண்டில் கலியாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசத்தில் மல்லர்களின் பயிற்சியும் உணவும் விரிவாகக் கூறப்பட்டுள்ளன. வடநாட்டில் வாழும் நம்மவர் இன்றும் ஆங்காங்கே அகாடா என்னும் பெயரால் இத்தகைய கூடங்களைக் காணலாம். அங்கே மற்போர் நிகழும் மண் கல்தரைபோல் இறுகியிருப்பதில்லை. மண்வெட்டியால் நாள்தோறும் கிளறிப் பதப்படுத்துவர். எண்ணெய், மஞ்சள், மோர் முதலியனவும் கலப்பதுண்டு. விழுபவனின் எலும்பைக் காப்பது அந்த மென்மையே. மண்ணைக் கிளறும் வேலையிலேயே இளைஞனின் உடல் சூடேறிவிடுகிறது. தண்டாலும் பைடக்கும் அடுத்து வருகின்றன. எத்தனை செய்யலாம், எப்போது நிறுத்தலாம் என்பதைக் குருவின் கண் தீர்மானிக்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் இந்நிலை மாறியது. பயிற்சி குருவின் கூடத்திலிருந்து வீட்டுக்கும் பள்ளிக்கும் அச்சிட்ட நூலுக்கும் இடம்பெயர்ந்தது. மராட்டிய நாட்டு ஔந்து சமஸ்தானத்தின் அரசர் பவான்ராவ் பந்த் பிரதிநிதி சூரிய நமஸ்காரத்தைத் தம் பள்ளிகளில் புகுத்தியதோடு, நூல் எழுதியும் நாடெங்கும் பரப்பினார். 1924-இல் சுவாமி குவலயானந்தர் லோனாவ்லாவில் கைவல்யதாமத்தை நிறுவி யோகப் பயிற்சிகளை விஞ்ஞான முறையில் ஆராயத் தொடங்கினார். இம்மாறுதலால் பயிற்சி எல்லோர்க்கும் உரியதாயிற்று. இது பெரும் நன்மையே. ஆயினும் ஓர் இழப்பும் உடன் நேர்ந்தது. நூலைப் பார்த்தும், இந்நாளில் கைப்பேசித் திரையைப் பார்த்தும் பயில்பவனை, போதும் என்று தடுக்க எதிரே எவரும் இல்லை. ஆகவே தன் மூச்சைத் தானே கவனித்து நிறுத்தும் பொறுப்பு அவனையே சேர்ந்தது.

பயிற்சி செய்யுமுன் வயது, வலிமை, உடல்வாகு, உணவு இவற்றோடு தேசத்தையும் காலத்தையும் சீர்தூக்க வேண்டும் என்று சுசுருதம் கூறுவது, பிறமாநிலங்களில் வாழும் நமக்கு மிகவும் பொருந்தும். சென்னையின் மார்கழி வேறு, தில்லியின் மார்கழி வேறு. தில்லியில் ஜனவரி விடியலில் வெப்பநிலை 5 பாகைக்கும் கீழே இறங்குவதுண்டு. கடுங்குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் உயர்கிறது. மூடுபனியோடு புகையும் தாழ்ந்து தேங்குகிறது. கடற்கரையில் விடியுமுன் நடந்து பழகியவர் அதே வழக்கத்தை அங்கே தொடர்வது தகாது. வெயில் ஏறியபின் செல்வதோ, காற்று மாசு மிகுந்த நாளில் வீட்டினுள்ளேயே பயில்வதோ நலம். முதற் பத்து நிமிடம் மெல்ல நடந்து உடலைச் சூடேற்றிக்கொள்ள வேண்டும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறைகள், வளர்ந்தவர்க்கு வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பைப் பரிந்துரைக்கின்றன. சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துமாறும் கூறுகின்றன. இதற்குக் காரணம் உண்டு. தசை ஒருவாறு விரைவில் வலுப்பெறும். தசையை எலும்போடு பிணைக்கும் நாண் மெதுவாகவே வலுப்பெறும். மூன்றாம் வாரத்தில், இனி எதுவும் முடியும் என்று தோன்றும்போதே நாணுக்கு ஊறு நேர்வது இதனால்தான். புதிய பயிற்சிக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் தசைகளில் பரவலாக வலி இருப்பது இயல்பு. மூட்டில் ஓரிடத்தில் குத்தும் வலி, வீக்கம் ஆகியவை இயல்பல்ல. அன்று ஓய்வே மருந்து. நெஞ்சில் இறுக்கமோ தலைச்சுற்றலோ தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவ உதவியை நாடவேண்டும். இதய நோய், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் உடையவர்கள் தொடங்குமுன்பே மருத்துவரைக் கலந்துகொள்வது கடமை.

மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ளவனுக்குச் சொற்களின்மேல் கண் செல்வது இயற்கை. வடநாட்டார் தேகப்பயிற்சியைக் கசரத் என்பர். மிகுதி என்னும் பொருளுள்ள அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது அது. நாமோ பயிற்சி என்கிறோம். பயில்தல் என்றால் கற்றல், பலகால் செய்து பழகுதல். எழுத்தறியாதவன் முதல் நாளில் காவியம் படிக்க முற்படுவதில்லை. உடலும் அவ்வாறே எழுத்தெழுத்தாய்க் கற்றுக்கொள்ளும். பிறந்திருக்கும் ஆண்டில் பன்னிரண்டு மாதங்கள் உள்ளன. ஜனவரியில் பாதி வலிமையோடு தொடங்கியவர் டிசம்பரிலும் நடந்துகொண்டிருப்பார்.